ஐவர் கூடிய சபை: செஞ்சிலுவைக் குழு தன் அங்கத்தவரைத் தெரிந்த வரலாறு

தருமத்துக்குப் பொருள் சேர்ப்பது கடினமென்பர். அதனினுங் கடினமானது, சேர்ந்த பொருளையும் அதனோடு சேர்ந்த நற்பெயரையும் ஒப்படைக்கத் தக்கவரைத் தெரிந்தெடுப்பது. வியாபாரக் கம்பனி ஒன்றின் பணிப்பாளரைப் பங்குதாரர் தெரிவு செய்கின்றனர். அரசாங்கத்தை நடத்துவோரை வாக்காளர் தெரிவு செய்கின்றனர். தரும தாபனத்தின் நிலையோ வேறு. அங்கே பொருள் கொடுப்பவர் ஒருவர். பயன் பெறுபவர் இன்னொருவர். இரண்டுக்கும் இடையில் நின்று நடத்துபவர் மூன்றாமவர். யுத்த களத்திலே காயமுற்றுக் கிடக்கும் போர்வீரனிடமோ, முட்கம்பி வேலிக்குள்ளே கிடக்கும் கைதியிடமோ வாக்குச் சீட்டு இல்லை. தன்னைக் காக்க வந்த சபையில் யார் அமர வேண்டுமென்று அவனை எவருங் கேட்பதுமில்லை. ஆகவே அந்தச் சபையினரை யார் தெரிவது, எவ்வாறு தெரிவது என்ற வினா வெறும் நிர்வாக வினா அன்று. அவனது உயிரோடு தொடர்புடைய வினா அது.

இவ்வினாவுக்கு நூற்று அறுபது ஆண்டுகளாக ஒரே விடையைப் பற்றி நின்ற தாபனம் ஒன்று உண்டு. அதுவே ஜெனீவாவிலுள்ள சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு. அதன் அங்கத்தவரை எந்த அரசாங்கமும் நியமிப்பதில்லை. எந்த மகாநாடும் வாக்களித்து அனுப்புவதில்லை. சபையில் ஏற்கெனவே இருப்போரே புதிதாக வருவோரைத் தெரிந்து சேர்த்துக் கொள்கின்றனர். அவ்வாறு சேர்க்கப்படுவோர் அனைவரும் சுவிற்சர்லாந்துப் பிரசைகளாகவே இருத்தல் வேண்டும். பெயரோ சர்வதேசக் குழு. அங்கத்தவரோ ஒரே நாட்டினர். இந்த முரண்பாடு எங்ஙனம் தோன்றியது, அதனால் விளைந்த நன்மை யாது, தீமை யாது என்பதே இங்கு ஆராயத் தக்கது.

1859ஆம் ஆண்டு யூன் மாதம் 24ஆந் திகதி வட இத்தாலியிலே சோல்பரினோ என்னுமிடத்தில் பிரெஞ்சு, சார்டீனியப் படைகள் ஒருபுறமும் ஒஸ்திரியப் படை மறுபுறமுமாகப் பொருதன. அன்று மாலை ஏறக்குறைய 40,000 பேர் மாண்டோ காயமுற்றோ நிலத்திற் கிடந்தனர். தம் வியாபார அலுவலாகப் பிரெஞ்சுச் சக்கரவர்த்தியைக் காணச் சென்ற ஹென்றி டூனாண்ட் என்னும் ஜெனீவா நகரத்து இளைஞர், அயலிலுள்ள காஸ்திலியோன் ஊரின் தேவாலயத்திலே ஊர்ப் பெண்களோடு சேர்ந்து காயமுற்றோரைப் பராமரித்தார். நண்பன், பகைவன் என்ற பேதம் அங்கே பாராட்டப்படவில்லை. அந்த அனுபவத்தை அவர் நூலாக எழுதி, 1862இல் தம் சொந்தச் செலவில் 1,600 பிரதிகள் அச்சிட்டு ஐரோப்பிய அரசர்க்கும் பிரபுக்களுக்கும் அனுப்பினார்.

ஜெனீவா நகரில் அப்போது பொதுநலச் சங்கம் ஒன்று இருந்தது. நகரத்துச் செல்வரும் கற்றோரும் கூடி ஏழைகளின் நலனை ஆராயும் சங்கம் அது. அதன் தலைவராய் விளங்கிய குஸ்தாவ் மொய்னியே என்னும் நியாயவாதி டூனாண்டின் நூலைப் படித்து, அதைத் தம் சங்கத்தின் ஆலோசனைக்கு வைத்தார். 1863 பெப்ரவரி 9ஆந் திகதி கூடிய சங்கம், இவ்விடயத்தை ஆராய்ந்து அறிக்கை தயாரிக்கும்படி ஐவரைக் கொண்ட குழு ஒன்றை நியமித்தது. மொய்னியே, டூனாண்ட் ஆகியோருடன், சுவிற்சர்லாந்தின் தளபதியாக விளங்கிய துபூர், வைத்தியர் லூயி அப்பியா, வைத்தியர் தியோடோர் மோனுவார் ஆகிய மூவரும் அக்குழுவில் இடம்பெற்றனர்.

இந்த ஐவரின் தெரிவு கவனிக்கத் தக்கது. 1787இல் பிறந்த துபூர் அன்று முதியவர். 1847இல் சுவிற்சர்லாந்தில் மூண்ட உள்நாட்டு யுத்தத்திலே சமஷ்டிப் படையை நடத்தி, தோற்றவரை இரக்கத்தோடு நடத்துமாறு கட்டளையிட்டுப் புகழ் பெற்றவர். பிரெஞ்சுச் சக்கரவர்த்தியான மூன்றாம் நெப்போலியன் இளமையில் அவரிடம் படைக்கலை பயின்றவன். அப்பியா யுத்த களத்துக் காயங்களுக்குச் சிகிச்சை செய்து பழகியவர். மோனுவார் நகரத்தில் மதிப்புப் பெற்ற சத்திர வைத்தியர். மொய்னியே சட்டமறிந்தவர், ஒழுங்கு தவறாதவர். டூனாண்ட் கனவு கண்டவர். செல்வாக்கு, அநுபவம், சட்டம், இலட்சியம் என ஒரு காரியத்துக்கு வேண்டிய யாவும் அந்த ஐவரிடம் சேர்ந்திருந்தன. ஆயினும் ஐவரும் ஒரே நகரத்தவர். ஒரே சமயப் பிரிவினர். ஒருவரை ஒருவர் முன்னரே அறிந்த சமூகத்தினர்.

அவர்களுக்கு இடப்பட்ட பணி அறிக்கை தயாரிப்பது மட்டுமே. ஆனால் பெப்ரவரி 17ஆந் திகதி முதன்முறையாகக் கூடியபோதே தாம் ஒரு நிரந்தரச் சர்வதேசக் குழு என்று அவர்கள் தீர்மானித்துக் கொண்டனர். துபூர் தலைவரானார், மொய்னியே உபதலைவரானார், டூனாண்ட் காரியதரிசியானார். சர்வதேசம் என்ற பெயரை அவர்களுக்கு எந்தத் தேசமும் வழங்கவில்லை. அவர்களே சூட்டிக் கொண்டனர். எனினும் காரியம் அவர்களுக்குக் கைகொடுத்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் அவர்கள் கூட்டிய மகாநாட்டுக்கு 16 நாடுகளிலிருந்து பிரதிநிதிகள் வந்தனர். 1864 ஓகஸ்ட் 22ஆந் திகதி 12 அரசுகள் முதலாவது ஜெனீவா உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டன. காயமுற்ற வீரன் எந்தப் படையைச் சேர்ந்தவனாயினும் பராமரிக்கப்படல் வேண்டும் என்பது சர்வதேசச் சட்டமாயிற்று.

தாமே தம்மைத் தெரிந்து கொள்ளும் சபை, தாம் வேண்டாதவரை விலக்கவும் வல்லது என்பது விரைவிலே தெளிவாயிற்று. அல்ஜீரியாவில் டூனாண்ட் தொடங்கிய முயற்சிகள் நட்டமடைந்து, 1867இல் அவர் கடனில் மூழ்கினார். அவர் தொடர்பு கொண்டிருந்த வங்கி முறிந்தது. அதனால் நகரத்துக் குடும்பங்கள் பல பாதிக்கப்பட்டன. அவ்வாண்டு ஓகஸ்டில் அவர் காரியதரிசிப் பதவியை விட்டார். செப்டெம்பரில் குழுவிலிருந்தே நீக்கப்பட்டார். குழுவின் நற்பெயர் ஒருவரது கடனால் மாசுபடக் கூடாதென்று மொய்னியே கருதினார். நாணயத்தைச் செல்வமாகக் கொண்ட தரும சபைக்கு அது தவறான கருத்தென்று கூறிவிட முடியாது. ஆனால் அச்செயலில் கருணை இருக்கவில்லை. பின்னர் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் டூனாண்ட் உலகத்தால் மறக்கப்பட்டு வறுமையில் வாழ்ந்தார். 1895இல் பத்திரிகையாளர் ஒருவர் ஹெய்டன் என்னும் சிற்றூரில் அவரைக் கண்டு எழுதிய பின்னரே உலகம் அவரை நினைத்தது. 1901இல் சமாதானத்துக்கான முதலாவது நோபெல் பரிசு பிரெடெரிக் பாசியுடன் அவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. டூனாண்டும் மொய்னியேயும் 1910ஆம் ஆண்டிலேயே, சில வார இடைவெளியில் மறைந்தனர்.

மொய்னியே 1864 முதல் தாம் இறக்கும்வரை, நாற்பத்தாறு ஆண்டுகள் தலைவராயிருந்தார். வெற்றிடம் ஏற்படும் போதெல்லாம் அறிந்த குடும்பங்களிலிருந்தே புதியவர் அழைக்கப்பட்டனர். 1870இல் சேர்க்கப்பட்ட குஸ்தாவ் அடோர், மொய்னியேயின் மனைவி வழியில் மருமகன் முறையானவர். அவருக்கு அப்போது வயது இருபத்தைந்து. நாற்பது ஆண்டுகள் அங்கத்தவராயிருந்து, 1910இல் அவரே தலைவரானார். அவ்வாறே வைத்தியர் பெரியேரின் சகோதரப் புதல்வியான சூசன் பெரியேர் 1925இற் சபையிற் சேர்ந்தார். ஊர்க்கோயிலின் தர்மகர்த்தாப் பதவி ஒரு குடும்பத்தில் வழிவழி வருவதைக் கண்டவர்க்கு இது வியப்பளிக்காது. பரம்பரை முறையிலே பொறுப்புணர்ச்சி வளர்வதுண்டு. வெளியார் கேள்வி கேட்க இயலாத இறுமாப்பு வளர்வதும் உண்டு.

கேள்வி கேட்டோர் இல்லாமலில்லை. ஒவ்வொரு நாட்டிலும் தேசியச் செஞ்சிலுவைச் சங்கங்கள் தோன்றிப் பெருகியபோது, அச்சங்கங்களின் பிரதிநிதிகளும் ஜெனீவாக் குழுவில் அமர வேண்டுமென்ற யோசனை எழுந்தது. 1867 முதல் மகாநாடுகளில் இவ்விடயம் பன்முறை பேசப்பட்டது. இறுதியில் 1887இல் ஜேர்மனியின் கார்ல்ஸ்றூ நகரிற் கூடிய மகாநாடு, குழு இருந்தபடியே தொடரட்டுமென விட்டுவிட்டது. இதற்கு ஒரு காரணம் இருந்தது. 1870இல் பிரான்சும் பிரஷ்யாவும் பொருதபோது, இரு நாட்டுச் சங்கங்களும் ஒன்றையொன்று குற்றஞ்சாட்டின. அப்போது இரு நாட்டுப் பிரதிநிதிகளும் ஒரே சபையில் அமர்ந்திருந்தால், அச்சபையில் யுத்தமே நடந்திருக்கும். பகைவர் இருவரும் நம்பக்கூடிய மூன்றாமவர் ஒருவர் வேண்டும். அந்த மூன்றாமவர் எவருக்கும் பிரதிநிதியாக இருத்தலாகாது. குழுவின் வாதம் இதுவே.

முதலாம் உலக யுத்தம் இவ்வாதத்துக்குப் பெரிய சான்றாயிற்று. 1914 ஓகஸ்டில் ஜெனீவாவிலே யுத்தக் கைதிகள் பற்றிய தகவல் நிலையம் ஒன்றைக் குழு நிறுவியது. ஒரு நூதனசாலைக் கட்டடத்தில் ஆயிரக்கணக்கான தொண்டர்கள் அமர்ந்து, காணாமற்போனவர், சிறைப்பட்டவர், இறந்தவர் ஆகியோரின் விவரங்களை ஏறக்குறைய 70 இலட்சம் அட்டைகளிற் பதிந்தனர். ஜேர்மனியும் பிரான்சும் பிரித்தானியாவும் தம் கைதிப் பட்டியல்களை அங்கே அனுப்பின. தம் பகைவனின் பிரதிநிதி அமர்ந்த சபைக்கு எந்த அரசும் அவற்றை அனுப்பியிராது. 1917இல் குழுவுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. யுத்த காலம் முழுவதிலும் சமாதானத்துக்காக வழங்கப்பட்ட பரிசு அஃதொன்றே.

அதே தகவல் நிலையத்திலிருந்துதான் சபையின் கதவு முதன்முறையாகச் சிறிது திறந்தது. அங்கு முன்னின்று உழைத்த வரலாற்று அறிஞரான மார்கரீற் கிறேமர் என்னும் பெண்மணி 1918இல் குழுவின் அங்கத்தவராகச் சேர்க்கப்பட்டார். சுவிற்சர்லாந்துப் பெண்களுக்குச் சமஷ்டித் தேர்தலில் வாக்குரிமை கிடைத்தது 1971ஆம் ஆண்டிலே என்பதை நினைத்தால் இதன் சிறப்பு விளங்கும். தம் நாட்டிலே வாக்களிக்க முடியாத ஒரு பெண், உலகம் முழுவதையும் நோக்கிய சபையிலே ஐம்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே வாக்களித்தார். தேர்தல் முறை செய்யாததை அன்று உள்ளிருப்போரின் தெரிவு செய்தது.

இதற்கு எதிரான வேறொரு முறையும் விரைவில் உருவாயிற்று. 1919 மே 5ஆந் திகதி, அமெரிக்கரான ஹென்றி டேவிசனின் முயற்சியால், பாரிஸ் நகரில் செஞ்சிலுவைச் சங்கங்களின் கூட்டமைப்பு நிறுவப்பட்டது. அதன் நிர்வாகிகளை அங்கத்துவச் சங்கங்களே தெரிவு செய்யும். பார்வைக்கு இதுவே சனநாயக முறை. ஆனால் அதனை நிறுவியவை அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்ஸ், இத்தாலி, யப்பான் என யுத்தத்தில் வென்ற ஐந்து நாடுகளின் சங்கங்கள். தோற்ற நாடுகளின் சங்கங்களுக்கு ஆரம்பத்தில் அங்கு இடமிருக்கவில்லை. ஒரே நகரத்தவரைக் கொண்ட மூடிய சபை பகைவர் இருபாலாரையும் சமமாக நோக்கிற்று. பல நாட்டினரைக் கொண்ட திறந்த சபையோ வென்றவரை மட்டும் கொண்டு தொடங்கிற்று. தெரிவு முறையின் பெயரை மட்டும் பார்த்து அதன் நீதியை அளக்க முடியாது என்பதற்கு இது தக்க உதாரணம். காலப்போக்கில் அக்கூட்டமைப்பு எல்லா நாடுகளுக்கும் தன் வாயிலைத் திறந்தது. 1928இல் ஹேக் நகரிற் கூடிய மகாநாடு இரு தாபனங்களினதும் பணியெல்லைகளை வகுத்தது.

புதிய போட்டியினால் ஜெனீவாக் குழுவும் தன்னைச் சிறிது மாற்றிக்கொண்டது. அறுபது ஆண்டுகள் ஜெனீவா நகரத்தவரை மட்டும் சேர்த்து வந்த குழு, 1923இல் சுவிற்சர்லாந்தின் ஏனைய பகுதியினரையும் அழைத்தது. சட்ட அறிஞரான மக்ஸ் ஹூபரும், தென் பகுதியான திச்சினோவைச் சேர்ந்த கத்தோலிக்கரான ஜூசெப்பே மொட்டாவும் அப்போது சேர்ந்தனர். குழு விரிந்தது நன்மையே. ஆனால் அதனோடு வேறொன்றும் உள்ளே வந்தது. மொட்டா அவ்வேளை சுவிற்சர்லாந்துச் சமஷ்டி அரசாங்கத்தின் மந்திரி. ஒரே மனிதர் அரசாங்கத்திலும் குழுவிலும் இருந்தார். 1940இல் அவர் இறந்தபின், அதே அரசாங்கத்தில் மந்திரியாயிருந்த பிலிப் எற்றர் குழுவிற் சேர்க்கப்பட்டார்.

இதன் விலை 1942இல் தெரிந்தது. ஐரோப்பாவெங்கும் யூத மக்கள் கூட்டங்கூட்டமாக ரெயில்களில் ஏற்றப்பட்டுக் கொலைக்களங்களுக்கு அனுப்பப்படுவது பற்றிய செய்திகள் ஜெனீவாவை எட்டின. குடிசனங்கள் நாடுகடத்தப்படுவதையும் பணயக்கைதிகள் கொல்லப்படுவதையும் குறித்துப் பகிரங்க வேண்டுகோள் விடுப்பதா என்று குழு ஆலோசித்தது. நகல் ஒன்றும் எழுதப்பட்டது. அதன் வாசகம் மிக அடக்கமானது. எந்த நாட்டின் பெயரும் அதிற் குறிக்கப்படவில்லை. அங்கத்தவருட் பலர் அதற்குச் சாதகமாகவே இருந்தனர். 1942 ஒக்டோபர் 14ஆந் திகதி குழு கூடியது. தலைவர் ஹூபர் நோயுற்றிருந்தமையால் வரவில்லை. வழக்கமாகக் கூட்டங்களுக்கு அதிகம் வராத எற்றர் அன்று வந்திருந்தார். அவ்வாண்டு சுவிற்சர்லாந்தின் சனாதிபதியும் அவரே.

ஜேர்மனியும் அதன் நேச நாடுகளும் சுற்றிவர நிற்க, நடுநிலை நாடான சுவிற்சர்லாந்து எந்த நாளும் படையெடுப்பை அஞ்சி வாழ்ந்த காலம் அது. ஜேர்மன் ஆட்சிக்குச் சினமூட்டும் எதனையும் பேர்ண் நகரத்து அரசாங்கம் விரும்பவில்லை. எற்றர் வேண்டுகோளை எதிர்த்துப் பேசினார். அரசாங்கத்தின் அச்சம் அவர் வாயிலாகக் குழுவின் மேசைமீது வந்தமர்ந்தது. மார்கரீற் கிறேமர், மௌனமும் ஒரு செயலே என்பதை உணர்ந்தவராய், பேச வேண்டுமென்று வாதாடினார். அவர் குரல் எடுபடவில்லை. நகல் ஒதுக்கி வைக்கப்பட்டது. பேசியிருந்தால் எத்தனை உயிர்கள் பிழைத்திருக்கும் என்று எவரும் கணக்கிட்டுக் கூற முடியாது. ஒன்றும் மாறியிராது என்போரும் உளர். ஆனால் அம்முடிவை எடுத்த சபை தன் மனச்சாட்சியை மட்டும் கேட்டு முடிவெடுத்ததா, தன் நாட்டின் நலனைக் கேட்டு முடிவெடுத்ததா என்ற வினா இன்றும் நிற்கின்றது.

அக்கூட்டத்தின் கதை பல்லாண்டுகள் மூடிய அலுமாரிக்குள் இருந்தது. குழு தானே அழைத்து ஆவணங்களைத் திறந்துகாட்டிய ஜெனீவா வரலாற்றாசிரியர் ஜான்-குளோட் பவே 1988இல் தம் நூலை வெளியிட்டபோது உலகம் அதனை அறிந்தது. 1996இல் குழு தன் பழைய ஆவணக் களரியைப் பொதுமக்களுக்குத் திறந்தது. அந்நாள்களில் தலைவராயிருந்த கொர்னேலியோ சொம்மரூகா, குழு தவறியதைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். தன் குற்றத்துக்குச் சான்றான ஏட்டைத் தானே எடுத்துக் கொடுத்தமை குழுவுக்குப் பெருமையே. ஆனால் அதற்கு அரை நூற்றாண்டு சென்றது.

யுத்தம் முடிந்தபின் பழைய வினா மீண்டும் எழுந்தது. சுவீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் தலைவரான போல்க் பேர்ணடோட் பிரபு, குழுவிலே பிற நாட்டினரையும் சேர்த்து அதனை உண்மையான சர்வதேசக் குழுவாக்க வேண்டுமென்று யோசனை கூறினார். யோசனை ஆராயப்பட்டது. ஆனால் 1948இல் ஸ்டொக்ஹோம் மகாநாடு கூடுவதற்குள் உலகம் மீண்டும் இரு முகாம்களாகப் பிரிந்துவிட்டது. இரு முகாம்களின் பிரதிநிதிகளும் அமர்ந்த ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை முடிவெடுக்க இயலாது தடுமாறுவதை எல்லோரும் கண்டனர். காயமுற்றவனுக்கு மருந்து அனுப்புவதற்கும் அவ்வாறே வாக்குவாதம் நடக்குமானால் அவன் அதற்குள் இறந்துவிடுவான். குழு சுவிற்சர்லாந்தினரைக் கொண்டதாகவே நின்றது. மகாநாடு முடிந்த சில வாரங்களில், செப்டெம்பர் 17ஆந் திகதி, ஐக்கிய நாடுகளின் சமாதான மத்தியஸ்தராக எருசலேம் சென்றிருந்த பேர்ணடோட் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார்.

மூன்றாவது முறையொன்று வேறொரு யுத்தத்திலிருந்து பிறந்தது. 1967 முதல் 1970 வரை நைஜீரியாவிலே பயாப்ரா யுத்தம் நடந்தபோது, செஞ்சிலுவைக் கொடியின் கீழ்ப் பணியாற்றிய பிரெஞ்சு வைத்தியர் சிலர், தாம் கண்ட பட்டினிச் சாவுகளைப் பற்றி வாய் திறவாதிருக்க மறுத்தனர். அவர்களுட் சிலரும் பத்திரிகையாளரும் சேர்ந்து 1971 டிசெம்பரில் எல்லைகளற்ற மருத்துவர் சங்கத்தைப் பாரிசில் நிறுவினர். அங்கே களத்திற் பணியாற்றியோர் அங்கத்தவராகி, ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாக்களித்து நிர்வாக சபையைத் தெரிவர். வைத்தியம் செய்த கையே வாக்குச் சீட்டையும் பிடிக்கும். இம்முறையின் கூர்மையும் விரைவிலே தெரிந்தது. 1979இல் வியட்னாம் அகதிகளுக்காகக் கப்பல் அனுப்பும் விடயத்திலும் தாபனத்தின் போக்கிலும் பிளவு ஏற்பட்டு, நிறுவியோருள் முதன்மையான பேர்ணாட் கூஷ்னரே பொதுக்கூட்டத்தின் வாக்கில் தோற்று வெளியேறினார். அடுத்த ஆண்டு அவரைச் சார்ந்தோர் வேறு சங்கம் நிறுவினர். ஜெனீவாவிலே நிறுவியவரை ஒரு சிறு சபை விலக்கிற்று. பாரிசிலே நிறுவியவரைப் பொதுக்கூட்டம் தோற்கடித்தது. எந்த முறையாயினும் நிறுவியவர் என்பதற்காக எவருக்கும் நிரந்தர இடமில்லை.

ஜெனீவாக் குழுவின் பிரமாணங்கள் காலத்துக்குக் காலம் திருத்தப்பட்டன. சோல்பரினோ யுத்தத்தின் நினைவு நாளான யூன் 24ஆந் திகதியிலே, 1998இல் ஏற்கப்பட்ட பிரமாணங்கள் சில வரம்புகளை வகுத்தன. அங்கத்தவர் தொகை 15க்குக் குறையாமலும் 25க்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். ஒவ்வொருவரும் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுதெரிவுக்கு நிற்றல் வேண்டும். மூன்று தவணைகளுக்கு மேல் ஒருவர் தொடர வேண்டுமாயின் நான்கில் மூன்று பங்கினரின் சம்மதம் வேண்டும். நாற்பத்தாறு ஆண்டுகள் தலைவராயிருந்த மொய்னியேயின் காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம். களத்துக்குச் செல்லும் பிரதிநிதிகள் சுவிற்சர்லாந்தினராகவே இருத்தல் வேண்டுமென்ற விதியும் 1990களில் தளர்த்தப்பட்டது. இன்று பல நாட்டினரும் அப்பணியில் உளர். ஆளும் சபை மட்டும் பழைய விதியிலேயே நிற்கின்றது. 2022 ஒக்டோபரில் மிர்ஜானா ஸ்பொல்யாரிச் தலைமைப் பதவியை ஏற்றபோது, குழு தோன்றி 159 ஆண்டுகளின் பின்னர் முதன்முறையாகப் பெண்ணொருவர் அந்த ஆசனத்தில் அமர்ந்தார். மார்கரீற் கிறேமர் சபைக்குள் வந்து அப்போது நூற்று நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன.

மூடிய சபையின் பயனை ஈழநாடும் அறியும். 1989 முதல் இலங்கையில் நிலைகொண்ட ஜெனீவாக் குழு, யுத்த காலத்திலே யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையைப் பாதுகாப்பு வலயமாக்க இரு தரப்பினரோடும் பேசியது. 2009 பெப்ரவரி முதல் மே வரை வன்னிக் கரையிலிருந்து நோயாளரும் உடன் வந்தோருமாக 13,000க்கு மேற்பட்டோரைக் கடல் வழியே அது அப்புறப்படுத்தியது. அக்கப்பலில் ஏறியவர் அந்தக் கொடியை ஏற்றிய சபையில் யார் அமர்ந்திருந்தனர் என்று அறிந்திருக்க மாட்டார். இரு தரப்பும் அக்கொடியைத் தம் எதிரியின் கொடியென எண்ணாமையாலேயே கப்பல் கரைக்கு வர முடிந்தது. அதே வேளை, தன் கண்முன் நிகழ்வதை அக்குழு எந்த அளவுக்கு உரத்துச் சொல்ல வேண்டும் என்ற 1942இன் வினா, அந்தக் கடற்கரையிலும் எழாமலிருக்கவில்லை.

ஆராய்ந்து நோக்குமிடத்து மூன்று முறைகளுக்கும் பலமும் உண்டு, பலவீனமும் உண்டு. உள்ளிருப்போர் தெரியும் முறை நம்பிக்கையையும் உறுதியையும் தரும். உறவினரையும் ஒத்த கருத்தினரையும் கூட்டவுஞ் செய்யும். சங்கங்கள் தெரியும் முறை யாவர்க்கும் இடமளிக்கும். அந்தந்த நாட்டு அரசியலையும் கூடவே அழைத்து வரும். களப்பணியாளர் தெரியும் முறை உண்மையை உரத்துச் சொல்லும் துணிவைத் தரும்; பிளவுக்கும் வழிகோலும். ஆகையால் எம்முறையைக் கைக்கொண்டாலும், அதற்குக் காவலாகச் சில வேண்டும். பதவிக்குக் கால எல்லை வேண்டும். அரசாங்கத்தின் ஆசனத்திலும் தருமத்தின் ஆசனத்திலும் ஒருவரே ஒரே வேளையில் அமராதிருத்தல் வேண்டும். ஏடுகள் ஒருநாள் திறக்கப்படும் என்பதை, முடிவெடுப்போர் முடிவெடுக்கும்போதே அறிந்திருத்தல் வேண்டும்.

1942 ஒக்டோபரில் அந்த மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தவர்கள் தீயவரல்லர். பல்லாண்டு ஊதியமின்றித் தருமத்துக்கு உழைத்தவர்கள். யுத்தக் கைதிகள் பல இலட்சம் பேருக்கு உணவும் கடிதமும் சேர்ப்பித்தவர்கள். நல்லவரைத் தெரிந்துவிட்டால் போதும், மற்றவை தாமே நடக்கும் என்று எண்ணுவோர்க்கு அவர்களின் கதை ஓர் எச்சரிக்கை. நல்லவரும் அச்சத்துக்கு உட்படுவர். அந்த அச்சம் எந்தக் கதவு வழியாக உள்ளே வரும் என்பதை அறிந்து, அக்கதவை முன்னரே அடைத்து வைப்பதுதான் தெரிவு விதிகளின் நோக்கம். சபைக்கு வெளியே, வாக்குச் சீட்டில்லாது காத்திருப்பவனுக்கு அந்த விதிகளைத் தவிர வேறு காவலில்லை.